வெள்ளப் பயிற்சியில் இரண்டு நிலையங்கள்

கன்ட்ரோல்: ...நடுவுல பட்டனை அழுத்தாதீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா ரேடியோவில யாருக்கும் எதுவும் கேக்காது. முகாம்ல போர்வை எத்தனை இருக்குன்னு கேட்டேன். ஓவர்.

முகாம்: இருக்கு. போதும். ஓவர்.

கன்ட்ரோல்: போதும்னா என்ன கணக்கு? நிஜமா வெள்ளம் வந்தாலும் இப்படித்தான் சொல்லுவீங்களா? ஓவர்.

முகாம்: நிஜமா வந்தா எண்ணிச் சொல்றேன். இது பயிற்சிதானே. ஓவர்.

கன்ட்ரோல்: எண்ணிப் பழகத்தான் பயிற்சி. நாப்பதுன்னு எழுதிக்கறேன். மூணாம் நிலையம், மூணாம் நிலையம், கேக்குதா?

முகாம்: மூணுல தையல்காரர் இன்னும் வரல போல. ஓவர்.

கன்ட்ரோல்: நாலாம் நிலையம்? ...அஞ்சு?

முகாம்: யாரையும் காணோம். ஓவர்.

கன்ட்ரோல்: வெள்ளத்துல போயிட்டாங்கன்னு வச்சுக்குவோம். நாம தொடரலாம். ஓவர்.

முகாம்: மூணு பேருமா?

கன்ட்ரோல்: பெரிய வெள்ளம்.

முகாம்: அண்ணா, அது வந்து...

கன்ட்ரோல்: ரேடியோவில அண்ணன் தம்பி கிடையாது. நான் கன்ட்ரோல், நீங்க முகாம். ஓவர்.

முகாம்: ரேடியோவுக்கு வெளியிலயும் ரெண்டு வருஷமா கிடையாதுதான். ஓவர்.

கன்ட்ரோல்: ...அங்க வானிலை எப்படி? ஓவர்.

முகாம்: நல்ல வெயில். ஓவர்.

கன்ட்ரோல்: வெள்ளம்னு வச்சிருக்கோம்.

முகாம்: கொட்டுது. ஓவர்.

கன்ட்ரோல்: அடிபட்டவங்க யாராவது? ஓவர்.

முகாம்: ஒரு அம்மா. எழுபதைத் தாண்டினவங்க. குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. ஓவர்.

கன்ட்ரோல்: முகாம் பள்ளிக்கூடத்துலதானே நடக்குது? அங்க ஏது குளியலறை?

முகாம்: முகாம்னா எல்லாம் இருக்கும்.

கன்ட்ரோல்: பின்னாடி அது என்ன, மணிச் சத்தம்?

முகாம்: லிஃப்ட்.

கன்ட்ரோல்: பள்ளிக்கூடத்துல லிஃப்டா?

முகாம்: ...பெரிய பள்ளிக்கூடம்.

கன்ட்ரோல்: சரி. குறிச்சுக்கறேன். எங்க அடி? ஓவர்.

முகாம்: இடுப்பு எலும்பு. ஆபரேஷன் பண்ணியே ஆகணுங்கறார் டாக்டர். ஓவர்.

கன்ட்ரோல்: வலி?

முகாம்: கேட்டா இல்லங்கறாங்க. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் பல்லைக் கடிக்கறாங்க. நடுநடுவுல, நர்ஸுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு விசாரிக்கறாங்க.

கன்ட்ரோல்: ...நினைவு தெளிவா இருக்குன்னு எழுதிக்கறேன். அப்புறம் என்ன தாமதம்? ஓவர்.

முகாம்: வீட்டு ஆளுங்க கையெழுத்து வேணும். ஓவர்.

கன்ட்ரோல்: அந்த அம்மாவுக்கு யாரும் இல்லையா?

முகாம்: ரெண்டு பசங்க. சின்னவன் பக்கத்துலதான் இருக்கான்.

கன்ட்ரோல்: அப்ப அவன் போடட்டும்.

முகாம்: போட மாட்டேங்கறான்.

கன்ட்ரோல்: மூத்தவனுக்குப் போன் போட்டுக் கேக்கலாமே.

முகாம்: போன் எதுவும் வேலை செய்யாதுன்னு வச்சுத்தானே பயிற்சியே.

கன்ட்ரோல்: ...ஆமா. அதைச் சரியா ஞாபகம் வச்சிருக்கீங்க. ஏன் போட மாட்டேங்கறான்? ஓவர்.

முகாம்: போன தடவை அவன்தான் போட்டான். அவங்க அப்பாவுக்கு. மூத்தவருக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்தான், லைன் கிடைக்கல. இப்பவே சொல்லுங்கன்னு டாக்டர் தலைமேல நின்னார். போட்டான். ஆபரேஷனுக்கு உள்ள போன அப்பா திரும்பி வரல. சாவு வீட்டுல, அத்தனை பேர் முன்னாடி, மூத்தவர் அவனைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னார்.

கன்ட்ரோல்: என்ன வார்த்தைன்னு முகாமுக்கு ஞாபகம் இருக்கா?

முகாம்: கன்ட்ரோலுக்கு இல்லையா?

கன்ட்ரோல்: ...இருக்கு.

முகாம்: அப்ப திருப்பிச் சொல்ல வேண்டாம்.

கன்ட்ரோல்: வேண்டாம்.

முகாம்: கன்ட்ரோல்? கேக்குதா? ஓவர்.

கன்ட்ரோல்: கேக்குது. பட்டனை அழுத்திட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்.

முகாம்: பேனாவை எடுத்தா கை ஓட மாட்டேங்குது, அண்ணா. நர்ஸ் வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. அம்மா வேற, என்னடா ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனைங்கறாங்க.

கன்ட்ரோல்: அன்னிக்கு லைன் கிடைச்சிருந்தா, நானும் போடுன்னுதான்டா சொல்லியிருப்பேன்.

முகாம்: இதை இந்த ரெண்டு வருஷத்துல எப்பவாவது சொல்லியிருக்கலாம்.

கன்ட்ரோல்: சிக்னல் சரியில்ல.

முகாம்: ரெண்டு வருஷமாவா?

கன்ட்ரோல்: என் பக்கம்தான் கோளாறு. உன் பக்கம் ஒண்ணும் இல்ல. கையெழுத்தைப் போடு. கொஞ்சம் இடம் விட்டுப் போடு. நான் வந்து பக்கத்துல போடறேன். எது ஆனாலும் ரெண்டு பேரும் சேந்து போட்டதா இருக்கட்டும்.

முகாம்: வர்றியா? எந்த ஆஸ்பத்திரின்னு நீ கேக்கவே இல்லையே.

கன்ட்ரோல்: நேத்து சாயங்காலமே உங்க அண்ணி சொல்லிட்டா.

முகாம்: அண்ணிக்கு யார் சொன்னது?

கன்ட்ரோல்: உன் பொண்டாட்டிதான். அவங்க ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தவே இல்லடா. நாமதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கோம்.

முகாம்: அப்ப லிஃப்ட், பள்ளிக்கூடம், எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா?

கன்ட்ரோல்: முகாம் என்ன சொல்லுதோ அதைத்தான் கன்ட்ரோல் எழுதிக்கணும்.

முகாம்: ...நானும் ஒண்ணு மறைச்சுட்டேன், அண்ணா. இன்னிக்குப் பயிற்சி ரத்துன்னு காலையிலயே தையல்காரர் போன் பண்ணிச் சொல்லிட்டார். தெரிஞ்சுதான் ரேடியோவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி மேல்மாடிக்கு வந்தேன். ஒருவேளை நீ இருந்தாலும் இருப்பன்னு.

கன்ட்ரோல்: ரத்து பண்ணினதே நான்தான்டா. உன் ஒருத்தனைத் தவிர எல்லாருக்கும் சொன்னேன். அத்தனை பேர் கேட்டுக்கிட்டிருந்தா நீ அம்மாவைப் பத்தி வாயைத் திறந்திருக்க மாட்ட. ...நானும்தான்.