பாலனுக்கு ஒரு மானாப்புல்

மஸ்கெலியா பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர்.

"மாதா கோயில் கிறிஸ்மஸ் குடில்ல, பாலனோட படுக்கையில நான் இன்னும் ஒரு புல்லுகூடப் போடல" என்றார் மூத்தவர்.

"ஏங்க்கா? திருவருகைக் காலம் முடியப் போகுதே. ஒரு நல்லது செஞ்சா ஒரு மானாப்புல்லு போடுங்கன்னு ஃபாதர் சொன்னாருல்ல?"

"நான் செய்ய வேண்டிய நல்லது, பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிற நாத்தனாகூடப் பேசறதுதான். பேசினா, என்னைய மன்னிச்சிட்டேன்னு அவளும் ஒரு புல்லு போட்டுருவா."

"போடட்டுமே. ரெண்டு புல்லு விழுந்தா பாலனுக்குக் குளிரு கொறையும்ல."

மூத்தவர் தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போதுதான் திரும்பினார்.

"மொதல்ல நான்தான் பேசுவேன். அவ முந்திக்கக் கூடாது."