காயம் என்ற சொல்லுக்காகப் படியேறியவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அச்சகத் தோழர்களே, அம்மையாரின் தங்கையே, தங்கை பிள்ளைகளே! இருபத்திரண்டு ஆண்டுகள் அவருடைய எழுத்தில் பிழை தேடியதுதான் என் வேலை. இன்று அவரைப் பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறீர்கள்.

நம் அகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியர், நாமெல்லாம் 'சொல்லம்மா' என்று அழைத்த அந்தப் பெருமாட்டி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் சண்டை போட இனி யார் இருக்கிறார்? யாரிடம் போய்க் கேட்போம்?

'காயம்' என்ற சொல்லைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். பழைய பாடல்களில் காயம் என்றால் உடம்பு. வடமொழி வழி வந்தது. அடிபட்டால் உண்டாகும் காயம் வேறு வழியாக வந்த வேறு சொல்லாக இருக்கலாம் என்பார் அவர்.

"அப்போ சமையலறையில இருக்கற காயம்?" என்று அச்சுக் கோப்பவர் கேட்டார்.

"அது மூணாவது. வாசனையை வெச்சே கண்டுபிடிச்சிடலாம்!"

சிரித்தோம். சிரித்துக்கொண்டே அடிபட்ட காயத்துக்கு அவர் எழுதிய பொருள்: 'தோல் கிழிந்து இரத்தம் வரும் புண்.' நானும் பிழையில்லை என்று கையெழுத்திட்டேன்.

புத்தகம் வந்த மறு ஆண்டு, சலவை நிலையப் பெண் தொழிலாளி ஒருவர் விலாவைப் பிடித்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். மேற்பார்வையாளர் அவரை இயந்திரத்தின் மீது பிடித்துத் தள்ளியிருந்தார். உள்ளே எலும்பில் விரிசல். அது பற்றிய விசாரணையில் சலவை நிலைய மேலாளர் நம் அகராதியைப் பிரித்து வாசித்தாராம். இரத்தம் இல்லை, ஆகவே காயம் இல்லை!

"இது நீங்க எழுதினதாம்மா? எனக்கு ரத்தம் வரலதான். ஆனா மூச்சு விட்டா உயிரே போகுது."

சொல்லம்மா அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தார். "தப்பு என்னுதும்மா" என்றார்.

மறுநாள் காலை, முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி விசாரணை அறைக்குப் போனார். நான் கைபிடித்து அழைத்துப் போனேன்.

"புத்தகத்துல இருக்கறதைத்தானே சொன்னேன்?" என்றார் மேலாளர்.

"புத்தகம் தப்பு. எழுதின நானே சொல்றேன், குறிச்சுக்குங்க. உள்ள பட்டாலும் காயம்தான்."

தன் உழைப்பைத் தன் வாயாலேயே தப்பு என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்! விசாரணை மறுபடி நடந்தது; மேற்பார்வையாளர் வேலையிழந்தார். அந்தத் தொழிலாளி, இதோ, மூன்றாம் வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார். ஆனால் சொல்லம்மா ஆறவில்லை. "என் ஒரு வரியால அந்தப் பொண்ணு எத்தனை நாள் பொய்க்காரின்னு பேர் வாங்கினா!" என்பார். அதன்பின் மருத்துவமனை வராந்தாக்களில் உட்கார்ந்து, வலியை மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

அன்பர்களே, திருத்திய பதிப்பு 'ந' வரிசையில் நிற்கிறது. நாளை காலை பத்து மணிக்கு நாங்கள் உட்காருவோம். எழுதும் ஒவ்வொரு பொருளையும், அந்தச் சொல்லோடு வாழ்கிறவர்களிடம் வாசித்துக் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புவோம். இது நாங்கள் தரும் உறுதி.

மெதுவாகத்தான் போகும், அம்மா. உங்கள் வேகம் எங்களுக்கு வராது.