கப்பலில் ஒட்டிய சிப்பி

“உங்க பையன் முழுகின கப்பல் இப்ப மீனுக்கு ஊடுங்கய்யா.”

உலகச் சண்டை முடிந்த வருஷம், ஜலகண்டாபுரம் போகும், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் முன்சீட்டுப் பேச்சு இது. சொன்னவன் அதே கப்பலில் இருந்து பிழைத்தவன். கேட்டவர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த தகப்பன். பள்ளிக்கூட வாசல் மிதிக்காமலே நாலு தறிக்கூடம் கட்டியவன் நான், எந்தப் பேச்சிலும் புகுந்து ஞாயம் சொல்லுவேன். அன்றைக்கு அவர்களுக்குப் பின்சீட்டில் காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

“ஒரு எலும்பாவது கொண்டாந்தாத்தான் காரியம் பண்ண உடுவேங்கறா அவங்காத்தா. முங்கி எடுக்க முடியாதா சாமி?”

“முங்கிப் பாத்தாங்க. இரும்பு மேல மொதல்ல பாசி வழுவழுன்னு படியுது. அதும் மேல பொடிச் சிப்பி, அப்புறம் பெருஞ்சிப்பி. கதவு எது, செவுரு எதுன்னே தெரியலீங்க.”

“சொரண்டிப் பாக்கறது?”

“சொரண்டினாங்க. கூடை கூடையாச் சிப்பிதான் வந்துது. சூளைக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான்.”

“சூளைக்கு எதுக்கு?”

“சுட்டாச் சுண்ணாம்புங்களே.”

தகப்பன் தன் விரலைப் பார்த்தார். வெற்றிலையை ஜன்னல் வழியே போட்டுவிட்டு விரலை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஊட்டுக்கு வந்ததும் அவகிட்ட இதை மட்டும் சொல்லிப்போடாதே சாமி. அவ வெத்தலை போடறவ.”