எடுத்துக்கோ

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்களுடையது சரியாக இருக்கிறது. பரவாயில்லை இன்ஸ்பெக்டர் மேடம், நான் நடந்துகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். கால் ஆடினால் பொய் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள்.

நாடகம் நான் எழுதியது. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மகா கஞ்சன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் பாத்திரம், பண்டம், போர்வை எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட்டு, தானும் உள்ளே ஏறி மூடிக்கொள்வான். அவன் வேலைக்காரன் இளகின மனசுக்காரன். பசியோடு வந்தவர்களுக்காக மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிடுவான். "எடுத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க முதலாளி, எந்திரிக்கிறேன்." கஞ்சனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வராது. "எடு... எடுத்... எடுத்துக்..." என்று திணறுவான். அந்தத் திணறலை எழுதும்போது நானே தனியாகச் சிரித்தேன்.

கஞ்சனாக நடித்தவர் மருந்துக்கடைக்காரர். எங்கள் பகுதியில் அவருக்கு வள்ளல் என்று பெயர். நான் பெரியப்பா என்பேன். சொந்தமில்லை, அப்படிக் கூப்பிடச் சொன்னார். என் அம்மா அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். எங்கள் வீட்டில் படிக்க இடமில்லை என்று, கடைக்குப் பின்னால் சரக்கு அறையில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேஜை கொடுத்தவர் பட்டம் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இருமலுக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம்கூட என்னைக் காட்டி, "இது நான் படிக்க வச்சது" என்பார். வச்சது. ஆடு மாடு மாதிரி.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. 'கதை, வசனம்' என்ற இடத்தில் அவர் பெயர்.

"எழுதினது நான்தானே பெரியப்பா?"

"பாப்பா, உன் பேரைப் போட்டா யாரு வருவா? உன் வீட்டுக்காரங்க வருவாங்க, அதுவும் ஓசி டிக்கெட்டுல. என் பேருன்னா நாலு பேரு வருவான். உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"அப்ப என் பேரு?"

"மரம் வச்சவன் யாரு? இப்ப வந்து காய் யாருதுன்னு கேக்குறியே" என்று சிரித்தார். அதிகம் சிரித்தால் அவருக்கு இளைப்பு வந்துவிடும். சட்டைப் பையிலிருந்து இளைப்பு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சிரித்தார்.

அம்மாவிடம் சொன்னேன். "பேரு சோறு போடுமாடி? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்காத" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். நிஜமாகவே விட்டுவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம்.

பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அதன் பின்பக்கப் பலகை கீல் வைத்தது, பின்திரையோடு ஒட்டி நிற்கும். ஒத்திகைகளில் அவர் உள்ளே ஏறியதும் திரைக்குப் பின்னாலிருந்து நான் தாழ்ப்பாளை நீக்குவேன். வெளியே நழுவி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வேஷச் சட்டைக்குப் பை இல்லாததால் அங்கே வைத்திருக்கும் பம்பை இழுத்துக்கொண்டு, அங்கிருந்தே கத்துவார். பெட்டிக்குள் அத்தனை துணி, அவர் மூச்சுக்குத் தாங்காது. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்காரனாக மூடிமேல் உட்காரும் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. "இந்த வயசுல எப்படிங்க உள்ளேயே கிடக்கிறீங்க?" என்று அவர் வாயைப் பிளக்கும்போது பெரியப்பாவுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை விட அவருக்கு மனசில்லை. கஞ்சன் வேஷத்துக்கு அவர் பொருத்தமானவர் என்று நான் அப்போதே நினைத்தேன்.

நாடகத்தன்று மத்தியானம், தொடங்குமுன் பெரியப்பா மேடையில் பேசினார். கருணையைப் பற்றி. பிறகு முன்வரிசையைக் காட்டி, "நான் படிக்க வச்ச புள்ளையோட அம்மா என் வீட்டுலதான் பாத்திரம் தேய்க்குது. எந்திரிம்மா, எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். அம்மா எழுந்தாள். ஈரமே இல்லாத கையை உடுத்தியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். திரையின் கிழிசல் வழியாக நான் பார்த்தேன். அம்மா சிரித்தாள் மேடம். அதைத்தான் என்னால்...

சரி. அவர் பெட்டிக்குள் ஏறினார். அண்ணன் மூடிமேல் உட்கார்ந்தார். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். வைத்தபடியே இருந்தேன். எதையும் நான் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றைச் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

முதலில் விரலால் தட்டினார். "பாப்பா, தாழ்ப்பாள்." பிறகு உள்ளங்கையால். பிறகு காலால். பெட்டி ஆட ஆட வெளியே சிரிப்பு. அவருக்கு மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. என் பக்கம் திறக்காது என்று புரிந்திருக்க வேண்டும். மூடியாவது திறக்கட்டும் என்று அந்த வார்த்தைக்கு முயன்றார். "எடு... எடுத்..." சபை விழுந்து விழுந்து சிரித்தது. "ஐயோ, முதலாளிக்கு அது மட்டும் வராதுங்க!" என்றார் அண்ணன், மேலே குதித்தபடி. அவராகச் சேர்த்த வசனம். நன்றாகத்தான் இருந்தது. கொட்டகை முழுக்க "சொல்லு! சொல்லு!" என்று தாளம் போட்டது. நான் எழுதிய எதற்கும் ஊர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பம்பு என் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தது. நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே சத்தம் நின்ற பிறகும், சபையின் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துதான் அண்ணன் எழுந்தார். மூடியைத் தூக்கியபோது உயிர் இல்லை. பாவம், அழுதுகொண்டே இருக்கிறாராம். அவரை விட்டுவிடுங்கள். முழு வார்த்தை வராமல் எழுந்திருக்கக் கூடாது என்பது நாடகத்தின் விதி, அதன்படிதான் அதுவரை உட்கார்ந்திருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன். முழுசாகச் சொல்லட்டும், திறக்கலாம் என்று. நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

சொன்னார். பலகையில் வாயை வைத்து, என் கைக்கு நேராக. "எடுத்துக்கோ பாப்பா. பேரை... நீயே எடுத்துக்கோ." தெளிவாகக் கேட்டது. ஆனால் ரொம்ப மெதுவாகச் சொன்னார் மேடம். கடைசி வரிசைக்குக் கேட்காதது வசனமே இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.