பெரியக்கா இராக்கம்மாவின் சேவைப் புத்தகத்தில் உள்ள ஒரு வரி

லுணுகலை வட்டத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்கள் பதினொன்றிலும் ஆயாக்களைப் பழக்கி, இருபத்தேழு ஆண்டுகள் தலைமை ஆயாவாகப் பணிபுரிந்து ஓய்வு பெறும் திருமதி இராக்கம்மா அவர்கள் முன், 1926ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் தேதி வியாழக்கிழமை வாசித்து அளிக்கும் மடல்.

பெருமைக்குரிய பெரியக்கா அவர்களே, மேட்டையும் பள்ளத்தையும் மழையையும் பனியையும் ஒரே நடையில் கடந்தவரே, நாற்பத்து மூன்று பெண்களை நடக்கவும் நிற்கவும் எண்ணவும் பழக்கியவரே, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இதற்குப் பின்னால் இன்னும் ஆறு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். கடைவீதியில் படங்களுக்குச் சட்டம் போடும் மொஹிதீன் நானா தாளை முழம் போட்டுப் பார்த்தார். "இம்புட்டு நீளத்துக்குக் கண்ணாடி நான் எங்க தேடுறது? அந்தம்மாவுக்குப் புகழ்ச்சின்னாலே ஆகாதுன்னு கடைவீதிக்கே தெரியும். பாதிய வெட்டிட்டு வாங்க" என்றார். வெட்டினோம். வெட்டிய இடத்தில் வேறொன்றை எழுத வேண்டியதாயிற்று. அதனால் இந்த மடல் இடையில் வழி மாறினால், சபையிலுள்ள பள்ளிக்கூட மனேஜர் ஐயா அவர்களும், பதுளைக் காரியாலயத்துக் கிளாக்கர் ஜெயராசா ஐயா அவர்களும் பொறுத்தருள வேண்டும்.

பெரியக்கா, இந்த மலைகளில் காப்பி இருந்த காலத்தில், நான்கு வயதில், உங்கள் தாயாரின் இடுப்பில் வந்து சேர்ந்தீர்கள். தேயிலை வந்ததும் கொழுந்து பறித்தீர்கள். பிறகு, பள்ளிக்கூடம் என்று பெயர் சொல்லி வரிசை வீடுகளான ஒரு லயத்தின் கடைசிக் காம்பிரா அறையில் வாத்தியார் ஒருவரை உட்கார வைத்தபோது, அவருக்கு முன்னால் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைக்க ஆள் இல்லாமல் உங்களைக் கூப்பிட்டார்கள். அன்று ஒரு பள்ளி, இன்று பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஓர் ஆயா. விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் மலைக்குப் போனதும் லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து, ஓடை தாண்டிக் கூட்டி வந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் ஒப்படைப்பவர்கள் நாங்கள். எங்களில் உங்களிடம் பழகாதவர் ஒருவரும் இல்லை.

நீங்கள் பழக்கிய விதம் வேறு எந்த வட்டத்திலும் இல்லை என்று இன்ஸ்பெக்டர் துரை சொன்னதாகக் கேள்வி. புதிதாக வந்தவளிடம் முதல் நாள் துடைப்பத்தைக் கூடக் கொடுக்க மாட்டீர்கள். "கையைக் கட்டிக்கிட்டு எங்கூட நட" என்பீர்கள். எந்தக் காம்பிராவில் எத்தனை பிள்ளை, எதற்கு இருமல், எது காலையில் சாப்பிடாமல் வரும் என்று பார்ப்பதற்கே ஒரு வாரம். லயத்துக்கு வெளியே நின்று பேர் சொல்லிக் கத்தக் கூடாது. வாசலில் போய் நிற்க வேண்டும். "நாய விரட்டுறவதான் தூர நின்னு கத்துவா. நீ பிள்ளைய அழைக்க வந்தவ" என்பீர்கள்.

அடுத்தது எண்ணுவது. கடைசி லயத்தில் ஒருமுறை, ஓடையருகில் ஒருமுறை, பள்ளி வாசலில் ஒருமுறை. மழை நாளில் பிள்ளைகள் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டு வருவார்கள். எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அப்போது ஒவ்வொரு சாக்கையும் தூக்கி, தாடையைத் தொட்டு எண்ண வேண்டும். "சாக்க எண்ணாத, மூஞ்சிய எண்ணு. சாக்கு எல்லாம் ஒரே ஆத்தா பெத்த மாதிரிதான் இருக்கும்."

இப்படி ஒரு மாதம். அந்த மாதம் முழுவதும் நாங்கள் எண்ணினாலும் அது உங்கள் எண்ணிக்கை; தப்பினால் உங்கள் தப்பு. மாதம் முடிந்த நாளில் பள்ளிக்கூடத்துச் சாவியை எங்கள் முந்தானையில் நீங்களே முடிந்து விடுவீர்கள். வாழ்த்து ஒன்றும் கிடையாது. "இனிமே உன் கணக்கு உன்னோடது" என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவீர்கள்.

நீங்கள் பொறுமைசாலி என்று எழுத முடியவில்லை. வடிவம்மாவை ஒரே அறையை எட்டுமுறை கூட்டச் சொன்னீர்கள். எட்டாவது முறை அவள், "பெரியக்கா, இனிமே கூட்டினா தரை தேஞ்சு பள்ளிக்கூடம் மலையடியில இருக்கிற கீழ்க்கணக்குல போயி விழுந்துரும்" என்று சொல்ல, "விழட்டும், அங்கயும் பிள்ளைங்க இருக்கு" என்றீர்கள். எங்களில் ஒருத்தியையாவது நன்றாகச் செய்தாய் என்று நீங்கள் சொன்னதில்லை. காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி கொண்டு வருவீர்கள். கஞ்சியோடு வசவும் வரும்.

இங்கே நிறுத்தி, நீடூழி வாழ்க என்று முடித்திருக்கலாம். மூன்று முறை அப்படியே முடித்தோம். மூன்று தாளையும் கிழித்தோம்.

சென்ற மாதம் பண்டாரவளையிலுள்ள பெண்பிள்ளைகள் விடுதியிலிருந்து உங்களைக் கேட்டு ஆள் வந்தது எங்களுக்குத் தெரியும். அங்கே மலையேற வேண்டியதில்லை; தங்க ஓர் அறை தருவார்கள்; புதிதாக வரும் ஆயாக்களைப் பழக்கினால் போதும். காரியாலயத்திலிருந்து குறையற்ற சேவை என்று ஒரு நற்சான்றுப் பத்திரம் மட்டும் கேட்டார்கள். நீங்கள் பதுளைக்குப் போனீர்கள். வடிவம்மா துணைக்கு வந்தாள். கிளாக்கர் ஐயா உங்கள் சேவைப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு வரி இருக்குங்களே. இருக்கிறத இல்லேன்னு நான் எப்படி எழுதுறது?" என்றார். அவர்மேல் குற்றமில்லை. 1921ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி, பிள்ளைகளை எண்ணுவதில் கவனக்குறைவு, ஒரு பிள்ளை ஆபத்துக்குள்ளானது என்று அங்கே எழுதியிருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க ஐயா, நான் ஊருக்குப் போறேன்" என்றீர்களாம்.

திரும்பி வரும் வழியில் வடிவம்மா கேட்டாள்: "எந்த ஊருக்கு?"

"எங்க ஆத்தா பொறந்த ஊருக்குத்தான். முசிறிக்குப் பக்கம்."

"அங்க உங்கள யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும் யாரத் தெரியும்? ரெண்டு பக்கமும் சரியாப் போச்சு."

வடிவம்மா இதை எங்களிடம் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை பதுளையில் ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலேறப் போகிறீர்கள். அறுபது வயதில், ஒரு முகமும் தெரியாத ஊருக்கு.

இதைச் சொன்ன அன்று மாலைதான் வடிவம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ எழுதத் தெரிஞ்சவ. எழுது. பெருமைக்குரிய, அருமைக்குரியன்னு அடுக்கிக் கண்ணாடி போட்டுக் குடு. அவங்க கப்பல்ல மடியில வச்சுக்கிட்டுப் போகட்டும். நீ இங்க நிம்மதியா இரு" என்றாள். எனக்கு நிம்மதி போயிற்று. இன்றுவரை திரும்பவில்லை.

சபையோர்களே, அந்த நவம்பர் 15ஆம் தேதி ஆனைக்கல் தோட்டத்தின் மேல்பிரிவாகிய மேல்கணக்கில் பிள்ளைகளை எண்ணியவர் பெரியக்கா இல்லை. எண்ணியவள், இந்த மடலை எழுதிய வள்ளியம்மையாகிய நான்.

அன்று விடியும் முன்பே மழை. ஓடை பெருகும் சத்தம் லயம்வரை கேட்டது. கடைசி லயத்தில் எண்ணியபோது முப்பத்தொரு பிள்ளைகள், சரியாக இருந்தது. ஓடையருகில் மறுபடி எண்ணினேன். சாக்கைத் தூக்கவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அவசரத்தில் தலைகளை மட்டும் எண்ணினேன். முப்பத்தொன்று வந்தது. அந்த முப்பத்தொன்றில் ஒரு சாக்குக்குள் இருந்தது, மலையிலிருந்த தகப்பனுக்குச் சோறு கொண்டுபோன கீழ்க்கணக்குச் சிறுபெண். துணைக்கு ஆள் இருக்கிறதென்று எங்களோடு ஓடை தாண்டி, தேயிலை ஸ்டோருக்குப் போகும் பாதையில் பிரிந்து போய்விட்டாள். பள்ளி வாசலில் மூன்றாம் முறை எண்ணவே இல்லை. எல்லாரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பூவாயி என்ற ஆறு வயதுப் பிள்ளை, வைத்துவிட்டு வந்த சிலேட்டை எடுக்க லயத்துக்குத் திரும்பியதும், தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து கால் பிசகி மூங்கில் புதரடியில் கிடந்ததும் எனக்குத் தெரியாது. வாத்தியார், அவள் வரவில்லை என்று குறித்துக்கொண்டார். மழைக்குத் தாய் நிறுத்தி வைத்தாள் என்று நினைத்தார்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெரியக்கா வந்தார். பேர்களைக் கேட்டார். உடனே வெளியே போனார். அவர்தான் கண்டெடுத்தார். பிள்ளையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, விறைத்த காலைத் தேய்த்தபடி வந்தார். பூவாயி பிழைத்தாள். இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் மனேஜர் ஐயா விசாரிக்க வந்தார். அவர் பாதையில் ஏறி வருவது தெரிந்ததும் பெரியக்கா என்னை வாசலுக்குப் பின்னால் இழுத்து, என் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். மனேஜர் ஐயாவிடம், "இவளுக்கு இன்னும் மாசம் முடியலீங்க. பாருங்க, சாவி எங்கிட்டதான் இருக்கு. எண்ணினது நான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அன்று மற்றத் தோட்டங்களிலிருந்து வந்து சுற்றி நின்ற ஆயாக்களுக்கும் உண்மை தெரியும். அவர்களும் பேசவில்லை.

ஐயா போனபிறகு நான் அழுதேன். "அழுது என்னத்த? உன்னைய அனுப்பிட்டா நாளைக்கு இந்தக் கணக்குல பிள்ளைங்கள யாரு அழைச்சிக்கிட்டு வருவா? புதுசா ஒருத்தி வந்து பழகுறதுக்குள்ள இன்னும் ரெண்டு விழும். நீ இனிமே விட மாட்ட" என்றார். மறுநாள் காலை ஓடையருகில் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு என்னைப் பதினொரு முறை எண்ண வைத்தார். பிறகு இந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்க விடவும் இல்லை. அதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டு நான் நாலு ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டேன்.

சாட்சி இல்லாமல் சொல்லவில்லை. நான்காம் வகுப்போடு நின்றவள் என்றாலும், பெரியக்கா பழக்கிய நாட்களில் அவர் சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்தேன். அக்டோபர் 12ஆம் தேதி முதல் நாள். நவம்பர் 12ஆம் தேதி சனிக்கிழமை, சாவி தந்தார் என்று எழுதியிருக்கிறேன். பிள்ளை விழுந்தது செவ்வாய்க்கிழமை. மாதம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தக் கொப்பியை இந்த மடலோடு மனேஜர் ஐயா அவர்கள் முன் வைக்கிறேன். நடுவில் கிறுக்கலும் இருக்கும், பெரியக்காவின் வசவுகளும் இருக்கும். ஐயா மன்னித்து, தேதிகளை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

இதை வாசிப்பதா வேண்டாமா என்று போன வாரம் கடைவீதிப் பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசினோம். பயம் இருந்தது. எனக்கு வேலை போகும். மறைத்ததற்காக மற்றவர்களுக்கும் போகலாம். வடிவம்மா, "போனா கொழுந்துக் கூடை இருக்கு, முதுகும் இருக்கு" என்றாள். சாவி வாங்கி ஒரு வாரமே ஆன ஹம்ஸியாவிடம், இதில் சேர வேண்டாம், உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றோம். "சம்பந்தமில்லதான் ராத்தா. அப்ப நான் இல்லாத நேரத்துல நடந்திச்சு. இப்ப நான் இருக்கேனே. மை எங்க?" என்று விரலை நீட்டினாள்.

மனேஜர் ஐயா அவர்களே, எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த வரியைப் பெரியக்காவின் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டு என் புத்தகத்தில் எழுதுங்கள். நற்சான்றுப் பத்திரத்தைச் சனிக்கிழமை ரயிலுக்கு முன் அவர் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு எங்களை என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

பெரியக்கா, இந்நேரம் நீங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள். இவ பொய் சொல்றா, இவளுக்குப் பைத்தியம் என்று சபைக்குச் சொல்லத் தொடங்கியிருப்பீர்கள். இருபத்தேழு ஆண்டுகளாக நீங்கள் சொன்னதை நாங்கள் கேட்டோம். இந்த ஒருமுறை கேட்கப் போவதில்லை. தயவுசெய்து உட்காருங்கள். பண்டாரவளைக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முழங்கால் நோவு குறைந்து, கண் தெளிவாக, பல்லுறுதியோடு, புதிதாக வரும் பெண்களை நாள்தோறும் திட்டிக்கொண்டு நெடுநாள் இருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வந்து பார்ப்போம்.

இங்ஙனம்,

1921 நவம்பர் 15ஆம் தேதி பிள்ளைகளை எண்ணிய வள்ளியம்மை, கையெழுத்து.

மறுநாள் விசாரணையில் அருகில் நின்றும் பேசாதிருந்த வடிவம்மா முதலிய எழுவர், கைநாட்டு.

பின்னர் கேள்விப்பட்டும் பேசாதிருந்த இருவர், கைநாட்டு.

போன வாரம் கேட்டு, அன்றே வைத்த ஹம்ஸியா, கைநாட்டு.