முதுகில் தைத்த பேர்

— கையில வாங்கியாவது பாரு, வேட் அம்மா. கோட்டு முதுகுல உன் பிள்ளை பேரை எவ்வளவு அழகா தைச்சிருக்கோம்.

— என் பேரு லோர்னா.

— ஐஸ் ஹாக்கி டீம்ல எல்லா அம்மாவும் போடுறாங்க. இதோ, என் முதுகுல ‘பிராடி அம்மா’ன்னு இருக்கு. நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?

— என் புருஷன் லைலுக்கு ‘வேட் அப்பா’ன்னு ஒண்ணு தைச்சீங்களா?

— அவரு ஆம்பளை. இந்தக் குளிர்ல வந்து மேட்ச் பாக்குறதே பெருசு. நான் தப்பா சொல்லல, ஊரு பேசுறதைச் சொல்றேன். நீ ஒரு நாளாவது இந்த கேன்டீன்ல நின்னு ஃப்ரைஸ் பொரிச்சிருக்கியா?

— உங்க பிள்ளைங்க சறுக்கி ஆடுற ஐஸ் மேல வண்டியை ஓட்டி, கீறலெல்லாம் மூடி, வழவழன்னு ஆக்கித் தர்றது யாரு?

— அதுக்குச் சம்பளம் வாங்குற. அது வேலை. நான் கேக்குறது அம்மா கடமை.

— அதுல லீவு உண்டா?

— கிண்டல் பண்ணு. போன வாரம் உன் பையன் ஒரு கையில கறுப்பு கிளவுஸ், ஒரு கையில நீலம். நான் தப்பா சொல்லல, பாத்தவங்க அவனையா திட்டினாங்க? உன்னைத்தான்.

— பன்னிரண்டு வயசு. அவன் பையை அவன்தான் கட்டுறான். நாலு பேரு சிரிச்சா அடுத்த வாட்டி பாத்துக் கட்டுவான்.

— சரி, கேட்டுக்கோ. அம்மாங்க கூடிப் பேசியாச்சு. நீ கோட்டும் போடாம, கேன்டீனுக்கும் வராம இருந்தா, ரெஜைனா ஊர்ல நடக்குற போட்டிக்கு டீம் பஸ்ல வேடுக்கு இடம் கிடையாது.

— அவனை ஏன் இழுக்குறீங்க? ஹாக்கி மட்டையைக் கட்டிப் பிடிச்சுட்டுத் தூங்குறவன் அவன்.

— தெரியுதுல்ல. போட்டுக்கோ.

— மாட்டேன். அவன் பஸ்ல ஏறலன்னா நானும் ஐஸ் வண்டியில ஏறல. எல்லா அம்மாவும் கோட்டை மாட்டிட்டு வந்து துடைப்பத்தால தேய்ங்க.

— மிரட்டுறியா?

— ஆமா.

— கெட்ட அம்மான்னு பேரு வந்துடும்.

— அதான் வந்தாச்சே. நான் ஒண்ணு கேக்குறேன். பிராடி ஹாக்கியை விட்டுட்டு, எண்ணெய்க் கிணத்து வேலைக்கு அல்பர்ட்டா போய் நாலு வருஷம் ஆச்சு. நீங்க ஏன் இன்னும் இங்க நின்னு பொரிக்கிறீங்க?

— இந்தக் கோட்டைக் கழட்டினா இந்த ஊர்ல எனக்கு வேற பேரு இல்ல. அவன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் பண்றான். அதுவும் அவசர அவசரமா. பனியில, இருட்டுல, எத்தனை ஊருக்கு அவனைக் கூட்டிட்டு வண்டி ஓட்டியிருப்பேன்...

— கண்ணைத் துடைங்க. இடைவேளை மணி அடிச்சாச்சு, ஐஸைச் சரி பண்ணச் சொல்லி கண்ணாடியைத் தட்டுறாங்க. வேடுக்கு என்ன பதில்?

— பஸ்ல ஏறட்டும், நான் பேசிக்கிறேன். உன் ஐஸ் வண்டியில இன்னொருத்தர் உக்கார இடம் இருக்கா?

— இருக்கு. ஆனா இங்க எண்ணெய் காயுதே, யாரு பாத்துக்குவா, பிராடி அம்மா?

— மேல காப்பி குடிச்சிட்டு உக்காந்திருக்காங்களே அப்பாங்க, எறங்கி வரட்டும். இந்தக் கோட்டையும் அவங்களே மாட்டிக்கட்டும். அப்புறம், என் பேரு டோரீன்.