ஒரே பைப்பில் இரண்டு கேபிள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் மடியில் கேபிள் சுருள். பக்கத்திலிருந்த தாடிக்காரர் திடீரென்று கேட்டார்: "ஏன் மச்சான், ரெண்டு செருப்பையும் ஒரே கால்ல மாட்டிக்கினு நடப்பியா?"

எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. இந்தக் கேள்விக்காவது பதில் தெரியுமே என்று காதைக் கொடுத்தேன்.

"இன்னாடா சொல்ற?"

"ஆபீஸ் நெட்டு சுவிட்சுக்கும் குடோன் சுவிட்சுக்கும் நடுவுல ஒரு கேபிள் அறுந்தா இன்னொண்ணு வேலை செய்யணும்னுதானே மில்லு ஓனரு ரெண்டு போடச் சொன்னாரு? நீ ரெண்டையும் மண்ணுக்கடியில ஒரே பைப்புல உட்டுக்கினு வந்திருக்க."

"ஜல்தியா முடிஞ்சுதுல்ல? இன்னிக்கு ஓனரு ஒண்ணப் புடுங்கிப் பாப்பாரு. இன்னொண்ணுல நெட்டு ஓடும். பாஸு! அவரோட அடுத்த மில்லு வேலையும் நமக்குத்தான்."

"ஓனரு ஒண்ணத்தான் புடுங்குவாரு. நாளைக்கு அங்க கால்வா தோண்ட ஜேசிபி வருதே, அதுங்கிட்ட 'ஒண்ண மட்டும் கடி கண்ணு'ன்னு சொல்லிட்டு வருவியா, இஞ்சினியரு?"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. சுருள்காரர் போனை எடுத்தார்.

"சார், வணக்கம் சார். இன்னிக்கு டெஸ்ட்டு வேணாம் சார். ரெண்டாவது கேபிளுக்கு வேற பக்கமா ஒரு பைப்பு போட்டுட்டு கூப்புடுறேன்... ஐயோ, ஃபெயிலாயிடும்னு இல்ல சார்." குரலைத் தாழ்த்தினார். "பாஸாயிடும் சார். அதான் பயமா இருக்கு."